பள்ளிக்கூடமா, இன்னொரு வளவா?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் கொங்கு நாட்டுக் கிராமம் ஏதாவது ஒன்றில் காலை ஏழரை மணிக்குப் போய் நின்று பாருங்கள் தோழர்களே. ஊருக்குள்ளிருந்தும் தோட்டத்து வீடுகளிலிருந்தும் மஞ்சள் வேன்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஏறும். கழுத்தில் டை, காலில் ஷூ. ஒன்பது மணிக்கு வளவிலிருந்து பிள்ளைகள் நடந்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு வருவார்கள். வளவு என்றால் வெளியூர்த் தோழர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். வடக்கே சேரி, காலனி என்பதை இங்கே அருந்ததியர் குடியிருப்பைக் குறித்துச் சொல்லும் சொல். இரண்டு கூட்டமும் ஒரே ஊர், ஒரே ரேஷன் கடை, ஒரே வயசு. ஆனால் ஒரே பெஞ்சில் மட்டும் உட்காருவதில்லை.

எந்தச் சட்டமும் இப்படிப் பிரிக்கச் சொல்லவில்லை. தலித் பிள்ளையைத் தனியாக உட்கார வை என்று இன்றைக்கு எந்த வாத்தியாரும் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. சொன்னால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் வகுப்பறையை விட்டே ஒரு சாதி எழுந்து போய்விட்டால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? யார் மீது போடுவது? தீண்டாமை பெருங்குற்றம் என்று பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அச்சடித்துக் கொடுக்கிறது அரசாங்கம். அந்தப் பக்கத்தை எந்தெந்தச் சாதிப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று மட்டும் அது சொல்வதில்லை. அதைச் சொல் என்று கேட்பதற்குத்தான் இந்தத் தலையங்கம்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். நூறு வருசத்துக்கு முன் நம் பிரச்சினை பள்ளிக்குள் நுழைவது. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் பள்ளி தொடங்கினார். எல்.சி. குருசாமி அருந்ததியர் பிள்ளைகளுக்காக அதே சென்னையில் இரவுப் பள்ளிகள் நடத்தினார். பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் எல்லாவற்றிலும் ஒடுக்கப்பட்டோருக்கு உரிமை உண்டு என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றிய ஆர். வீரையன் நம்ம கோவைக்காரர். சாதி இந்துக்கள் தங்கள் பள்ளியில் நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்ததால்தான் வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் துறை சேரிகளில் தனியாகப் பள்ளி திறக்க வேண்டி வந்தது. அந்த 'லேபர் ஸ்கூல்'தான் பிறகு 'அரிசன நலப் பள்ளி' ஆகி, அப்புறம் 'ஆதிதிராவிடர் நலப் பள்ளி' என்று பெயர் மாறியது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் ஆயிரத்து நூறுக்கு மேல் இருக்கின்றன.

அன்றைக்கு நம்மை உள்ளே விடவில்லை. காமராசர் காலத்தில் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வந்தது. மதிய உணவு வந்தது. 1982இல் அது சத்துணவாக விரிந்தது. நம் பிள்ளைகள் உள்ளே போனார்கள். உள்ளே போனதைப் பார்த்ததும் அவர்கள் வெளியே போகத் தொடங்கினார்கள்.

போவதற்கு ஒரு இடம் வேண்டுமே? அதற்கும் வழி இருந்தது. பல்கலைக்கழகங்களின் கீழ் விரல்விட்டு எண்ணும்படி இருந்த மெட்ரிகுலேஷன் பள்ளிகள் 1978 வாக்கில் தனி வாரியத்தின் கீழ் வந்த பிறகு புற்றீசல் போலப் பெருகின. பருத்தி, விசைத்தறி, பனியன், லாரி, ரிக் வண்டி, கோழிப்பண்ணை என்று கொங்கு மண்ணில் சேர்ந்த பணம் கல்வியில் இறங்கியது. 1990களில் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் எழுந்த விடுதிப் பள்ளிகளுக்குச் சனங்களே 'பிராய்லர் பள்ளி' என்று பேர் வைத்தார்கள். தீவனம் போட்டு நாற்பது நாளில் எடை ஏற்றுகிற கோழிப்பண்ணையைப் பார்த்த ஊர் அல்லவா, பொருத்தமாகத்தான் வைத்தார்கள். அந்தப் பணம் யாருடைய உழைப்பில் சேர்ந்தது? தோட்டத்தில் பண்ணையம் பார்த்தவன், மில்லில் பஞ்சு தூசி தின்ற பெண், செருப்பு தைத்தவன், சாக்கடையில் இறங்கியவன். அவர்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். அரசுப் பள்ளியில் தலித் பிள்ளைகள் மட்டுமே இருக்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஏழைக் கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாவிதர், வண்ணார், போயர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கோவையிலும் திருப்பூரிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர் பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளிகளில் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் படிக்கிறார்கள். ஆனைகட்டிப் பக்கம் இருளர் பிள்ளைகள், ஆனைமலையில் காடர், மலசர் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதுபோல நம் ஆட்களிலும் கந்துவட்டிக்கு வாங்கியாவது இங்கிலீசு பள்ளியில் சேர்த்தவர்கள் உண்டு. ஆக நாம் கேட்பது விகிதம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 20 பேர். ஐந்தில் ஒருவர். ஒரு ஊரில் நாம் ஐந்தில் ஒரு பங்கு இருந்து, அந்த ஊர்ப் பள்ளியில் பாதிக்கு மேல் நம் பிள்ளைகளாகவே இருந்தால், அங்கே என்ன நடந்தது என்று சொல்லப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

இது நமக்கு மட்டும் வந்த நோய் இல்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி என்று ஒரு கிராமப்புற மாவட்டம். 1951இல் அங்கே கறுப்பின மாணவர்கள், பதினாறு வயசுப் பெண் பார்பரா ஜான்ஸ் தலைமையில், தங்கள் பள்ளியின் கேவலமான நிலைமையை எதிர்த்து வகுப்பைப் புறக்கணித்தார்கள். அந்தப் போராட்டத்தில் பிறந்த வழக்கும் சேர்ந்துதான் 1954இல் பிரவுன் வழக்குத் தீர்ப்பாக வந்தது. நிறத்தின் பேரால் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். வெள்ளையர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1959இல் அந்த மாவட்டத்தின் பொதுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடிவிட்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்றைத் தொடங்கிக்கொண்டார்கள். அதில் படிக்க அரசுப் பணத்திலிருந்தே உதவியும் போனது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஐந்து வருசம் பொதுப் பள்ளியே இல்லை. 1964இல் மறுபடியும் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் திறக்க வைத்தது.

அங்கே பூட்டினார்கள். இங்கே பூட்டக்கூடத் தேவையில்லை. பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனாலே போதும், பள்ளி தானாகப் பூட்டிக்கொள்ளும். எப்படி? தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்பது சட்டம். சேர்க்கை குறைந்தால் பணியிடம் குறையும். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டு வாத்தியார் என்றாகும். அதில் ஒருவர் பயிற்சிக்கோ கணக்கு எழுதவோ போய்விட்டால் ஒருத்தர். 'அங்க எங்கீங்க பாடம் நடக்குது?' என்று மிச்சமிருக்கிறவர்களும் கிளம்புவார்கள். 2025இல் தமிழ்நாட்டில் இருநூறுக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. குழந்தை பிறப்பு குறைந்துவிட்டது என்கிறார்கள் அதிகாரிகள். குறைந்தது உண்மைதான். ஆனால் பிறந்த பிள்ளைகள் எந்தப் பக்கம் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. அரசுப் பள்ளி பிள்ளையை ஐந்து வயசில் ஒன்றாம் வகுப்பில் கூப்பிடுகிறது. தனியார் பள்ளி மூன்று வயசில் எல்.கே.ஜி.யில் பிடித்துவிடுகிறது. 2019இல் 2,381 நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்பு தொடங்கினார்கள். ஆனால் ஊருக்கு ஊர் இருப்பது தொடக்கப் பள்ளி. மூன்று வயசில் வேன் ஏறிய பிள்ளை ஐந்து வயசில் இறங்கி வரப் போவதில்லை. சாதி பிரிகிற இடம் ஒன்றாம் வகுப்பு இல்லை, அதற்கும் முந்தியது.

'கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறதே, தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடம் கொடுக்கிறார்களே' என்பார்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பிரிவைத் தமிழ்நாட்டில் எப்படி விரித்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 'நலிவடைந்த பிரிவினர்' என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ். 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்' என்றால் பட்டியல் சாதி, பழங்குடியோடு பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் எல்லாரும். கொங்கு வேளாளர் 1975இல் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வந்தவர்கள். ஆக, நாலு ஏக்கர் தோட்டமும் கிணறும் உள்ளவர் வீட்டுப் பிள்ளையும் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளையும் ஒரே குலுக்கலில் நிற்கிறார்கள். விண்ணப்பம் இணையத்தில். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று வேண்டும். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். விடியக்காலை நாலு மணிக்கு ரோடு கூட்டப் போகிற தாய் இதையெல்லாம் பிள்ளைக்கு மூன்று வயசு முடிகிற வருசத்தில் செய்து முடித்தாக வேண்டும். 2025-26இல் அதுவும் கெட்டது. மத்திய அரசு கல்வி நிதியை நிறுத்தி வைத்தது. அதைக் காரணம் காட்டி மாநிலத்தில் சேர்க்கை தள்ளிப்போய் அக்டோபர் வரை இழுத்தது. இரண்டு அரசுகளின் சண்டையில் அரைப்பட்டது யார் வீட்டுப் பிள்ளை?

சரி, கணக்கு இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியும் தனியார் பள்ளியும் தன் மாணவர்களின் சமூகப் பிரிவைக் கல்வி மேலாண்மைத் தகவல் முறையில் ஏற்றுகிறது. தில்லிக்கும் வருசா வருசம் பொது, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. என்று நாலு கட்டத்தில் போகிறது. மாநில அளவில் கூட்டிப் பெருக்கி ஒரு அறிக்கையும் வருகிறது. ஆனால் ஒரு ஒன்றியத்தில் எந்த நிர்வாகத்தின் பள்ளியில் எந்தப் பிரிவுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஊர்ச்சனம் படிக்கிற மாதிரி ஒரு பலகையில்கூட எழுதி வைப்பதில்லை. அமெரிக்காவில் 1968இலிருந்து பள்ளி வாரியாகக் கறுப்பர் எத்தனை, வெள்ளையர் எத்தனை என்று அரசு எண்ணி வருகிறது. எண்ணியதால் அங்கே நிறவெறி ஒழிந்துவிடவில்லை. ஆனால் ஒளிய முடியவில்லை. நீதிமன்றத்தில் கையில் வைத்துக்கொண்டு பேச ஒரு தாள் கிடைத்தது.

அந்த நாலு கட்டத்துக்குள்ளும் எத்தனை பேர் காணாமல் போகிறார்கள் பாருங்கள். கொங்கு நாட்டில் தலித்துகளில் பெரும்பகுதி அருந்ததியர். நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2009இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வில் உள் ஒதுக்கீடு செல்லும் என்றும் ஆனது. ஆனால் தில்லிக் கணக்கில் அருந்ததியர் என்று தனிக் கட்டம் இல்லை. எல்லாம் எஸ்.சி. என்ற ஒரே சாக்கு மூட்டை. தலித் கிறித்தவர் வீட்டுப் பிள்ளை மாநிலக் கணக்கில் பி.சி. சேரியில் இருக்கும், கணக்கில் இருக்காது. மலையாளிப் பழங்குடியினர் சேலம், தருமபுரிப் பக்கம் எஸ்.டி. அதே சனம் அந்தியூர் பர்கூர் மலையில் இருந்தால் எஸ்.டி. இல்லை. பட்டியல் போட்டபோது பழைய கோவை மாவட்டத்தை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். சான்றிதழ் இல்லாததால் அந்தப் பிள்ளைகளின் மேல்படிப்பே நின்றுபோகிறது. எண்ணப்படாதவனுக்கு எதுவும் எழுதப்படுவதில்லை.

'நம்ம பிள்ளைகளே நிறைஞ்ச பள்ளின்னா நம்ம பள்ளிதானே, என்ன கெட்டுப்போச்சு?' என்று சில தோழர்கள் கேட்கலாம். நம் பள்ளியாக இருந்தால் சரிதான். அது யார் கையில் இருக்கிறது? 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தார். ஆதிக்கச் சாதிப் பெற்றோர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் உடனே அந்தப் பெண்ணை இடமாற்றினார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. வழக்கு நடந்து 2025 நவம்பரில் ஆறு பேருக்கு இரண்டு ஆண்டு சிறை கிடைத்தது. ஏழு வருசம்! 2023இல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் காலை உணவுத் திட்டத்தில் அதே கதை. மாவட்ட ஆட்சியரே நேரில் போக வேண்டியிருந்தது. 2022இல் பெருந்துறை அருகே பாலக்கரை தொடக்கப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் தலைமையாசிரியர் கைதானார். ஆக, தங்கள் பிள்ளைகளை வேனில் அனுப்பிவிட்டாலும் பள்ளிக்கூடத்தின் சாவியை அவர்கள் விடவில்லை. யார் சமைக்கணும், யார் கழுவணும் என்று ஊர்தான் தீர்மானிக்கிறது.

தனியார் பள்ளிக்குப் போய்விட்டால் தப்பிக்கலாம் என்பதும் பொய். 2025 ஏப்ரலில் கிணத்துக்கடவு அருகே செங்குட்டைப்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில், பூப்பெய்திய எட்டாம் வகுப்புத் தலித் மாணவி வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து பரீட்சை எழுதியதை நாடே பார்த்தது. கட்டணம் கட்டினாலும் படிக்கட்டுதான்.

இன்னொரு எதிர்வாதம் நல்லவர்களிடமிருந்து வருகிறது. பள்ளியில் சாதியை எண்ணினால் சாதி வளராதா? இதை நாம் மரியாதையோடு எடுத்துக்கொள்கிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பிள்ளைகளே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, நலத்துறைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்க வேண்டும் என்றது. பதிவேடு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. 'எஸ்.சி. எல்லாம் எந்திரி' என்று வகுப்பில் கூப்பிடுகிற வாத்தியாரின் வாயை மூட வேண்டும். ஆனால் ஒரு பிள்ளையின் சாதியைக் காப்பது வேறு, ஒரு பள்ளியின் சாதியை மறைப்பது வேறு. பிள்ளையின் பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம். மொத்தத் தொகையை மட்டும் சுவரில் எழுது என்கிறோம். பெயர்ப் பலகையில் 'ஆதிதிராவிடர்' என்பதை அழிப்பதில் நமக்கு வருத்தமில்லை. அழித்த பிறகும் உள்ளே உட்கார்ந்திருப்பது அதே பிள்ளைகள்தான் என்றால், அது வெறும் பெயிண்ட் வேலை. அந்தப் பள்ளிகளின் நிலமும் விடுதியும் துறை இணைப்பில் கைமாறிப் போய்விடக் கூடாது என்ற நம் மக்களின் அச்சமும் நியாயமானது.

ஆர்.எஸ்.புரத்திலிருந்து இதை எழுதுகிறோம். கிராமத்துக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு நகரத்தை விட்டுவிட முடியாது. டி.பி. ரோட்டைத் தினமும் கூட்டிச் சுத்தமாக்குகிற கைகளில் பெரும்பாலானவை அருந்ததியர் கைகள். அந்த ரோட்டின் இரண்டு பக்கமும் உள்ள பங்களாப் பிள்ளைகளும், கூட்டுகிறவர் பிள்ளைகளும் எந்தப் பள்ளியில் சந்தித்துக்கொள்கிறார்கள்? மாநகராட்சி மன்றத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடியவர்கள் யார்?

நாம் கேட்பது இவைதான்:

ஒன்று. ஒவ்வொரு ஒன்றியத்திலும் மாநகராட்சியிலும், அரசு, உதவி பெறும், தனியார் என எல்லாப் பள்ளிகளின் சமூகவாரி மாணவர் எண்ணிக்கையை வருசா வருசம் வெளியிட வேண்டும். அருந்ததியரைத் தனியாகக் காட்ட வேண்டும்.

இரண்டு. 25 விழுக்காட்டுக்குள் பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் தனிப் பங்கு, அதற்குள் அருந்ததியருக்கு உள் பங்கு ஒதுக்க வேண்டும். வசதியுள்ளவரையும் கூலிக்காரரையும் ஒரே குலுக்கலில் போடக் கூடாது.

மூன்று. எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் மூன்று வயசிலிருந்தே மழலையர் வகுப்பு, அதற்கென்று தனி ஆசிரியர் வேண்டும். எண்ணிக்கை குறைந்தாலும் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் வேண்டும்.

நான்கு. அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வரட்டும். தன் பிள்ளையை உட்கார வைக்கத் துணியாத பள்ளியில் ஊரான் பிள்ளைக்கு எப்படிப் பாடம் நடத்துவது?

அரசு தானாகக் கொடுக்காது. மாணவத் தோழர்களே, வேலை உங்களுக்கு இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய் போதும். உங்கள் ஒன்றியத்தின் பள்ளிவாரிச் சமூக எண்ணிக்கையைக் கேட்டு இந்த மாதமே மனுப் போடுங்கள். பெயர் கேட்காதீர்கள், தொகை மட்டும். வந்த தாளை மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 கிராம சபையில் எழுந்து நின்று படியுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம் உண்டு. நம் பிள்ளைகள் பாதிக்கு மேல் இருக்கிற பள்ளியில் நம் தாய்மார்கள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். நோட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வளவுக்குள் போய், 'பண்ணாடி என்ன சொல்வாரோ' என்று தயங்குகிற அம்மாக்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

அன்றைக்கு வாசலில் நிறுத்தினார்கள், கதவைத் தட்டினோம். இன்றைக்குக் கதவு திறந்திருக்கிறது, அறை காலியாகிறது. காலியாக்கியது யார் என்று எண்ணிச் சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது. சொல்ல வைக்க வேண்டிய கடமை நமக்கு.

– ஆசிரியர் குழு,
ஆர்.எஸ்.புரம், கோவை